ஆக்லாந்து, பதினொன்றேகால் முடிச்சு

என் கஸ்தூரிக்கு,

நீ இருக்கும் ஊரில் இப்போது என்ன மணி என்று எனக்குத் தெரியாது. யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் "எந்த ஊரு மணி?" என்று முதலில் கேட்கிறவள் நீ. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது செங்கல்பட்டு மணி. காலை பத்தேகால். கடை திறந்தாயிற்று. மதுராந்தகத்தில் ஒரு காதுகுத்து. நம் கடைப் பாபு நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

வாடகைப் பொருள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி நான் எழுதித் தரவேண்டுமாம். நான் எழுதினால் நாலு வரிக்கு மேல் போகாது என்று சங்கத்துத் தலைவர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். சிரிக்கட்டும். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயம் என் நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடக்கிறது. நாலு பேர் ஒட்டுக் கேட்டாலும் பரவாயில்லை, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாலு பேருக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். நீ கோபித்துக்கொள்ளாதே. எங்களுடையது சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற கடை. நல்லதுக்கும் வருவோம், கெட்டதுக்கும் வருவோம். ஒரு வீட்டில் சாவு விழுந்து, பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருந்தால், எத்தனை மணிக்கு எடுப்பது என்ற கேள்வி வரும். செய்யூர் முதல் மாமல்லபுரம் வரைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள் என் மனைவி கஸ்தூரி. பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாதவள்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கிறதா? திருவிடந்தையில், கடலோரத்து வீடு. இறந்துபோன அம்மாவின் மூத்த பிள்ளை ஷார்ஜாவில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு இறங்கிவிடுவேன் என்று போனில் சொல்லியிருந்தான். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். மூன்றரை ஆயிற்று, நாலும் ஆயிற்று, ஆளைக் காணோம். நாலரைக்கு ராகு காலம். அதற்கப்புறம் பொழுது சாய்ந்துவிடும். பெரியவர்கள் கூடிப் பேசி நாலேகாலுக்கு எடுத்துவிட்டார்கள்.

நாம் இரண்டு பேரும் சாமியானாவை மடித்துக்கொண்டிருந்தோம். ஐந்து மணிக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. இறங்கினவன் வாசலைப் பார்த்தான், அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பார்த்தான், கடைசியில் கையில் கயிற்றோடு நின்ற என்னைப் பார்த்தான்.

"அண்ணாத்த, எங்கம்மா எங்க?"

நீதான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுடுகாட்டுக்கு ஓடினாய். பொம்பளை அங்கே போகக்கூடாது என்று யாரோ சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் தம்பி கொள்ளி வைத்துவிட்டுக் கடலில் முழுகி, ஈரத் துணியோடு திரும்பிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது திருப்போரூர் தாண்டுகிற வரைக்கும் நீ விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாய். அப்புறம் சொன்னாய்.

"யோவ், அவன் சொன்ன ரெண்டு மணி அவன் ஊரு மணி. அந்த ஊரு நம்பளுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால கீது. வூடு நிறைய ஆம்பளைங்க இருந்தீங்களே, ஒருத்தருக்காவது தோணுச்சா?"

எனக்கும் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலையில் நீ நம் பெண் ரேவதியின் உலக உருண்டையை எடுத்துக் கடை மேஜையில் வைத்தாய். ஆறாம் வகுப்பில் அவளுக்கு வாங்கித் தந்தது. பூக்கட்டுகிற நூலை எடுத்து அதன் வயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நீளத்தை அளந்து நாற்பது பாகமாக்கி, பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டாய். பூமியைச் சுற்றி நாற்பதாயிரம் கிலோமீட்டர், அப்படியானால் முடிச்சுக்கு ஆயிரம். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, பொழுது போகாத வேலை என்று கிண்டல் செய்தேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நூல் எங்கெல்லாம் போயிற்று! மஸ்கட் இரண்டரை முடிச்சு. துபாய் மூன்று. லண்டன் எட்டேகால். வந்து போகிறவர்களிடம் எல்லாம் விசாரித்து, ஏறுவது இறங்குவது எல்லாம் சேர்த்து முடிச்சுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று ஒரு கணக்குக்கு வந்தாய். லண்டனிலிருந்து வந்தவரிடம் "பத்தேகால் மணி நேரம் ஆயிருக்குமே" என்று நீ சொன்னபோது அவர் உன்னை ஏதோ விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவள் என்றே நினைத்துவிட்டார். கனடாவுக்கு நூலைப் பிடித்தால் அது மேற்கே போகாமல் நேராக வடக்கே ஏறி, பனிக்கட்டி தேசத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். தட்டையான படத்தையே பார்த்துப் பழகிய எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. உனக்கு அது ஒரு நாளும் குழப்பமாக இருந்ததில்லை.

செல்போனில் தட்டினால் தூரமும் நேரமும் வந்துவிடுகிறதே, இந்த நூல் எதற்கு என்று உன் அண்ணன் ஒரு தடவை கேட்டார். மதுராந்தகத்துக்காரர், எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார். அன்றைக்கு நீ சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்.

"போனு ஏர்போர்ட்டு வரிக்கும்தான் வரும், அண்ணா. அதுக்கு அப்புறம் வூட்டு வாசல் வரிக்கும் யாரு கணக்குப் போடறது?"

அந்த அப்புறத்தில்தான் உன் சாமர்த்தியமெல்லாம் இருந்தது. துக்கத்தில் கிளம்புகிறவனுக்கு நீயே போன் போட்டு, பெட்டி எதுவும் போடாதே, கையில் ஒரு பை போதும் என்பாய். பெட்டிக்காக நிற்கிற முக்கால் மணி நேரம் அதில் மிச்சம். மீனம்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் நெரிசல், பரனூர் டோல்கேட், அவன் ஊர் செய்யூர்ப் பக்கமானால் அந்தக் கிராமத்து ரோடு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நேரம் போடுவாய். பிறகு ராகு காலம், எமகண்டம், பொழுது சாய்கிற நேரம் மூன்றையும் ஒதுக்குவாய். எல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் ஒன்று சேர்ப்பாய்: அழ அரை மணி. வேறு யாருக்குக் கஸ்தூரி அது தோன்றியிருக்கும்?

உன் கணக்குத் தப்பி நான் பார்த்ததில்லை. பையன் படியேறுவான், அம்மா காலைப் பிடித்துக்கொண்டு அழுவான், சரியாக அரை மணியில் யாராவது அவன் தோளைத் தொடுவார்கள். நீ சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாய். யாரும் உனக்கு நன்றி சொன்னதில்லை. சாவு வீட்டில் சாமியானாக்காரிக்கு யார் நன்றி சொல்வார்கள்? எனக்கு அப்போதெல்லாம் பெருமையாக இருக்கும். ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

உனக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. போன உடம்பைத் தூரத்தில் இருப்பவர்களுக்காக மட்டும்தான் வைக்க வேண்டும், கிட்ட இருந்தவர்களுக்காக வைக்கக் கூடாது. இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று கெஞ்சிய புருஷன்மாரை எத்தனை பேரை நீ மறுத்திருக்கிறாய். இத்தனை நாள் பக்கத்திலேயே வைத்திருந்தாயே, அப்போது பார்த்திருக்கலாமே என்பாய். கல்நெஞ்சுக்காரி என்று உன் காதுபடவே பேசினார்கள். ஒரு மணி நேரம்கூட நீ இளகியதில்லை.

பிறகு நம் பெண்ணே நர்ஸ் வேலைக்கு ஆக்லாந்து போனாள். அன்றைக்கும் நீ அதே நூலை எடுத்தாய். அந்த ஊர் உருண்டையில் எங்கோ கீழே, இரும்பு வளையத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. நூலை வளையத்துக்கு அடியில் நுழைத்துத்தான் அளக்க முடிந்தது. பதினொன்றேகால் முடிச்சு. பறக்க மட்டும் பதினாலு மணி நேரம், நடுவில் சிங்கப்பூரில் காத்திருக்கிறது தனி. அவர்கள் ஊர்க் கோடையில், அதாவது நமக்குத் தை மாசியில், அவர்கள் நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால். பெண்ணைக் கட்டிக்கொடுக்காமலே வீட்டுக்கு ஏழரை வந்துவிட்டது என்று சிரித்தாய். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. வா வா என்று ரேவதி கூப்பிடும்போதெல்லாம் முகூர்த்த சீசன் என்றாய், ஐஸ் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது என்றாய். உலகத்து ஊர்களையெல்லாம் முடிச்சில் அளந்தவள் ஒரு முடிச்சு தூரம்கூடப் பறக்கவில்லை.

போன தை மாதம், செவ்வாய்க்கிழமை காலையில், நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பழைய ஐஸ் பெட்டியை நானே கழுவித் துடைத்தேன். புதுசு இரைச்சல் போடும், பழசுதான் சத்தமில்லாமல் ஓடும் என்று நீ சொல்வாயே, அதனால் பழசு. ரேவதி போனில் அழுதுகொண்டே சொன்னாள்: புதன்கிழமை ஒரு மணிக்கு ஃப்ளைட், நடுராத்திரி தாண்டி ஒரு மணி, சிங்கப்பூரில் மாறவேண்டும், மொத்தம் பதினேழு மணி நேரம். வீடு நிறையச் சொந்தம். எப்போது எடுப்பது என்று உன் அண்ணன் கேட்டார். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"புதன்கிழமை ஒரு மணிக்குக் கெளம்பறா. பதினேழு மணி நேரம். சாயங்காலம் ஆறு ஆவும். வூடு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எடுத்துக்கலாம்," என்றேன்.

உன் அண்ணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினார். எந்த ஊர் மணி என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை. கேட்கிறவள் பெட்டிக்குள் படுத்திருந்தாள். வியாழன் பதினோரு மணி என்று போஸ்டர் அடித்து ஒட்டியாயிற்று. செய்யூர்ச் சொந்தத்துக்கெல்லாம் போன் போயிற்று.

புதன்கிழமை பத்தரைக்கே ரேவதி இறங்கிவிட்டாள். பன்னிரண்டு மணிக்குப் பாபுவின் வண்டியில் வந்து வாசலில் நின்றாள். வீட்டில் அத்தனை பேரும் திகைத்துப் போனார்கள். அவள் உன் பெட்டிமேல் விழுந்து அழுதுகொண்டிருக்க, உன் அண்ணன் என்னை வாசலுக்கு இழுத்துவந்து கத்தினார். ஏழரை மணி நேரத்தைக் கழிக்க மறந்துவிட்டாயே, ஒழுங்காகப் போட்டிருந்தால் இன்றைக்கு மூன்று மணிக்கே எடுத்திருக்கலாமே என்றார். இன்றைக்கே எடுத்துவிடலாமா என்றும் கேட்டார். போஸ்டர் ஒட்டியாயிற்று, சொந்தமெல்லாம் நாளைக்குத்தான் வரும் என்றேன்.

"ஊருக்கே கணக்குப் போட்டவ என் தங்கச்சி. அவ சாவுல போயி தப்பா போட்டியே மச்சான்," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து நம் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பஸ் தாமதமானாலும் பந்தியில் இலை குறைந்தாலும் 'ஏகாம்பரம் கணக்கு' என்கிறார்கள். சங்கத்தில் போன மாதம்கூட ஒருவர் என்னை வைத்துக்கொண்டே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாவு வீடுகளில் என்னிடம் இப்போது நேரம் கேட்பதில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு அவர்களே போனில் பார்த்துக்கொள்கிறார்கள். போன வாரம் மட்டும் மாமல்லபுரத்திலிருந்து சிற்பி ஒருவர் கூப்பிட்டார். அவர் சம்சாரம் இறந்துவிட்டது, பெண் டொரொன்டோவிலிருந்து வரவேண்டும். அம்மா இருக்காங்களா, அவங்கதான் கணக்குச் சொல்வாங்களாமே என்று கேட்டார். அம்மா இல்லை, நான் பார்க்கிறேன் என்றேன். உன் நூலை எடுத்தேன். அது பனிக்கட்டி தேசத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது, பதின்மூன்று முடிச்சு, அதற்கு மேல் அரை முடிச்சுக்குக் கொஞ்சம் குறைச்சல். எந்த ஊர் மணி என்று இரண்டு தடவை கேட்டேன். பத்தரை மணி நேரம் பின்னால். பெட்டி போடாதே என்று அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். அவள் ஈ.சி.ஆர். வழியாக வந்து வாசலில் இறங்கினபோது என் கணக்கில் ஐந்து நிமிஷம்தான் பிசகு. அழ அரை மணி. அப்புறம் எடுத்தார்கள். நான் சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன், நீ நிற்கிற இடத்தில்.

இதை ரேவதியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, டொரொன்டோவுக்கே சரியா போடற நீ, எனக்கு எப்பிடிப்பா தப்பா போட்ட? நீ சொன்ன கணக்குல நான் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான வரணும். பாபு அண்ணன் மட்டும் காலைல பத்து மணிக்கே எப்பிடி ஏர்போர்ட்ல வந்து நின்னாரு?"

உன் வயிற்றில் பிறந்தவள், கஸ்தூரி. வீடு நிறைய ஆம்பளைகள் இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நான் லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவளுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும். நான் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. ஏழரை மணி நேரத்தை அந்தச் செவ்வாய்க்கிழமையே கழித்துவிட்டேன். புதன் பத்தரை என்று தெரிந்துதான், பாபுவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் பத்து மணிக்கு மீனம்பாக்கத்தில் நில், யாரிடமும் சொல்லாதே என்றேன். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, பொய்க் கணக்கை எல்லோருக்கும் சொன்னேன்.

பெண்ணுக்காகச் செய்தேன் என்று சொன்னால் நீயும் மன்னித்துவிடுவாய், ஊரும் மெச்சும். மூன்று வருஷமாக உன் முகத்தைப் பார்க்காதவள், அரை மணி அழுதுவிட்டு எழுந்திருக்க வேண்டாமே என்று எனக்கும் இருந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் அவள் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடிமேல் கையை வைத்து, ஆஸ்பத்திரிக் கதை, வாடகை வீட்டுக் கதை எல்லாம் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது நல்லதுதான். ஆனால் அவளுக்காக இல்லை. எனக்காகத்தான்.

முப்பத்து நாலு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் ஒரு முழு நாள் சேர்ந்து உட்கார்ந்ததுண்டா? மாமல்லபுரம் மணலில் துண்டை விரித்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் போன் வந்தது. யாரோ ஒருவருடைய பிள்ளை சிங்கப்பூரில் இருந்தான். மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாய். வாங்கின சுண்டலை வண்டியில் தின்றோம். அந்தப் புதன்கிழமை ஒரு நாள்தான் உன் போன் அடித்தும் நீ எழுந்து போகவில்லை. நான் உன் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நம் கடை நாற்காலிதான். கிட்ட இருந்தவனுக்காக வைக்கக் கூடாது என்று நீ போட்ட சட்டத்தை, உன்னை வைத்தே நான் உடைத்தேன். எத்தனை புருஷன்மாரை உன் பின்னால் நின்று நானும் கல்நெஞ்சோடு மறுத்திருக்கிறேன்! ஒரு ஆளின் பேச்சாவது அப்போது எனக்குப் புரிந்திருக்கிறதா?

நீ இருந்திருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. "யோவ், எந்த ஊரு மணி?" என்று கேட்டிருப்பாய், அதோடு நான் அகப்பட்டிருப்பேன். கோபித்துக்கொண்டிருப்பாயா, இல்லை அந்த ஒரு தடவையாவது இளகியிருப்பாயா? இதற்கு மட்டும் எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

ரேவதி டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். மாசியில் கிளம்புகிறேன். அந்தப் பதினொன்றேகால் முடிச்சையும் நான் பறந்து பார்க்கப்போகிறேன். நூல் சட்டைப் பையில் இருக்கும். போகும்போது ஏழரையைக் கூட்டவேண்டும், வரும்போது கழிக்கவேண்டும், மறக்கமாட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு அங்கே போய், அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். உன் அண்ணனுக்கு இந்த மலர் வந்துவிடும், அவர் படித்துக்கொள்வார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த வீட்டிலும் உன் கணக்குத்தான், ஒரு நிமிஷம் கூடாது, குறையாது. கெஞ்சுகிற புருஷன்மாரைக் கொஞ்சம் மெதுவாக மறுப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். என் முறை வரும்போதும் கணக்குச் சரியாக இருக்கும். பாபுவுக்கு நூலைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். முதல் கேள்வி என்ன என்பதும் அவனுக்குத் தெரியும். ரேவதி வாசலில் இறங்கவேண்டும், அழ அரை மணி, அதோடு எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். தூரத்தில் இருக்கிறவர்களைத்தான் காக்க வைக்கக் கூடாது. இப்போது தூரத்தில் இருப்பது நீ.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
ஏகாம்பரம்